பொன் எடுத்த குழியில் விண்ணை ஆய்ந்த வரலாறு

கன்னட நாட்டிற் குடியேறிய தமிழரின் வரலாற்றை எழுதப் புகுவோர் கோலார் தங்கவயலை மறத்தல் இயலாது. 1880-ஆம் ஆண்டளவில் ஜான் டெய்லர் கம்பெனியார் அங்கே சுரங்கத் தொழிலைத் தொடங்கிய பின்னர், வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களினின்று நம்மவர் ஆயிரக்கணக்கிற் சென்று பாறையைக் குடைந்தனர். அவருட் பெரும்பாலோர் நிலமற்ற, ஒடுக்கப்பட்ட குடியினர். அவர்கள் எடுத்த பொன்னைப் பற்றி எழுதினோர் பலர். அவர்கள் குடைந்த இருளில் உலக விஞ்ஞானத்தின் சிறந்ததோர் ஏடு எழுதப்பட்டமையை அறிந்தோர் சிலரே. அவ்வரலாற்றை இம்மலரின் வாயிலாக அன்பர்கள்முன் வைக்க விழைகின்றோம்.

விண்ணினின்று பூமியின்மீது இடையறாது பொழிவன காஸ்மிக் கதிர்கள். 1912-இல் ஆஸ்திரிய நாட்டு அறிஞர் விக்டர் ஹெஸ், பலூனில் 5,000 மீட்டருக்கும் மேலே சென்று, உயரம் மிகக் கதிர்வீச்சும் மிகுதலைக் கண்டு, இவை மண்ணினின்று எழுவன அல்ல என நிறுவினார். இக்கதிர்கள் காற்றின் அணுக்களைத் தாக்குதலால் மியூவான் என்னும் துகள்களும் நியூட்ரினோ என்னும் நுண்துகள்களும் தோன்றுகின்றன. நம் உள்ளங்கையை நீட்டினால், நொடிக்கு ஒன்றேனும் மியூவான் அதனை ஊடுருவிச் செல்லும். நியூட்ரினோக்களோ உலகையே ஊடுருவிச் செல்வன. பொருளொன்றில் மோதித் தம்மைக் காட்டுதல் மிக அரிது.

விண்ணை ஆயச் சுரங்கத்துள் ஏன் இறங்கவேண்டும் என்று நம் அன்பர்கள் வினவலாம். பாறை ஒரு சல்லடை போன்றது. ஆழம் மிகமிக ஆற்றல் குறைந்த மியூவான்கள் வடிக்கப்பட்டு, பேராற்றல் உடையனவே எஞ்சும். இவ்வுண்மையைக் கருதியே, பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தை நிறுவிய ஹோமி பாபாவின் தூண்டுதலால், 1951-இல் ஸ்ரீகண்டன் என்னும் இளைஞர் கருவிகளுடன் கோலார்ச் சுரங்கத்துள் இறங்கினார். மைசூர் நாட்டில் 1925-இற் பிறந்த அவர், பிற்காலத்தில் அந்நிலையத்தின் இயக்குநராகி, 2019-இல் மறைந்தார்.

1960-களின் முற்பகுதியில் ஜப்பானிய அறிஞர் மியாகேயும், நரசிம்மம், ரமணமூர்த்தி ஆகியோரும் மேன்மேலும் ஆழத்திற்குச் சென்றனர். 2,760 மீட்டர் ஆழத்தில் ஏறத்தாழ இரண்டு திங்கள் காத்திருந்தும் ஒரு மியூவான்கூடப் பதிவாகவில்லை. அதனைத் தோல்வி என எண்ணற்க. விண்ணின் ஆரவாரம் முற்றும் அடங்கிய இடமன்றோ நியூட்ரினோவின் மெல்லிய அடியோசையைக் கேட்டற்கு உரியது!

பின்னர் டாட்டா நிலையத்தாரும், ஜப்பானின் ஒஸாகா, இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகத்தாரும் கூடி, சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் 2,300 மீட்டர் ஆழத்திற் கருவிகளை அமைத்தனர். மேலிருந்து வரும் எஞ்சிய மியூவான்கள் பெரும்பாலும் செங்குத்தாகவே இறங்கும். கிடைமட்டமாக ஒரு மியூவான் வருமாயின், அத்துணை நெடும்பாறையை அது கடந்திருத்தல் இயலாது. அருகிலுள்ள பாறையில் நியூட்ரினோ மோதிப் பிறப்பித்ததாகவே இருத்தல் வேண்டும். ஆதலின் கருவிகளைச் சுவர்போல் நிறுத்திக் காத்திருந்தனர். 1965-இல் அவ்வடையாளம் கிட்டியது. அதே காலத்தில் தென்னாப்பிரிக்கப் பொற்சுரங்கமொன்றில் ரெய்ன்ஸ் குழுவினரும் வெற்றி கண்டனர். அடையாளத்தை முதலிற் பதிவுசெய்தோர் அவர்களே. எனினும் அவ்வாண்டு ஆகஸ்டில் அச்சேறுவதில் முந்தியது கோலார்க் கட்டுரை.

1980-களில் அதே ஆழத்தில், புரோட்டான் அழியுமோ என்றறிய 140 டன் எடையுள்ள கருவியொன்று இயங்கியது. அவ்வினாவிற்கு உலகில் எவரும் இன்னும் முடிந்த விடை காணவில்லை. 1990-களின் தொடக்கத்தில் அவ்வாய்வுகள் ஓய்ந்தன. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-இல் சுரங்கமும் மூடப்பட்டது. நீர் நிறைந்த குழிகளும் சயனைடு மண்மேடுகளும் வேலையிழந்த குடும்பங்களுமே எஞ்சின.

ஆய்வுக் கட்டுரைகளின் முகப்பில் விஞ்ஞானியர் பெயர்கள் உள்ளன. அவர்தம் பல்லாண்டு உழைப்பிற்கு அது தக்க சிறப்பே. ஆயினும் அவ்வாழத்திற்கு வழி திறந்தவர் யார்? வெப்பத்திற் புழுங்கி, பாறை வெடிப்பிற் சிதைந்து, கற்றூளால் நுரையீரல் நைந்து மாண்ட தொழிலாளர் அல்லரோ? விண்ணின் மறைபொருளை அறிந்த பெருமையில் அவர்க்கும் ஒரு பங்கு உண்டென்பதே எம் கருத்து.

தங்கவயலின் முதியோர் பலர் இன்றும் நம்மிடையே வாழ்கின்றனர். அவர்தம் நினைவுகளைக் கேட்டு எழுதிவைத்தல் நம் சங்கம் மேற்கொள்ளத்தக்க நற்பணி. பொன் தீர்ந்துவிட்டது. அந்நினைவுகளும் தீர்ந்துபோக விடுதல் நமக்கு அழகன்று.