தச்சனும் தேரும்

அதியமானின் ஆற்றலைச் சொல்ல வந்த ஔவையார், தேர்த்தச்சனின் கைத்திறனை உவமையாக்கினார். கார்ப் பந்தய வரலாற்றிலோ நாம் ஓட்டியவரை மட்டுமே நினைக்கிறோம்.

1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், சோழவரத்தின் உலகப்போர்க் கால விமான ஓடுதளத்தில் பந்தயங்களை நடத்தியது. அயல்நாட்டுப் பந்தயக் கார்கள் செல்வர்க்கே எட்டின. மற்றவர்கள் உள்ளூர்க் கார்களின் எஞ்சின்களைக் கொண்டு தாமே வண்டி கட்டினர்.

அம்மரபில் வந்த கோவை கரிவர்தன், மாருதி 800 எஞ்சினைப் பொருத்தி ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கினார். எல்லாருக்கும் ஒரே எஞ்சின் என்றானபோது, பணத்தைவிட ஓட்டும் திறன் முன்வந்தது. அந்த ஃபார்முலா மாருதியில் பயின்ற நாராயண் கார்த்திகேயன், 2005-இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியரானார். அதைக் காணத் தச்சன் இல்லை. கரிவர்தன் 1995-இல் விமான விபத்தில் மறைந்திருந்தார்.