நாடி கிடைக்காத கை

கை நாடியைப் பிடித்தே நோயின் போக்கைச் சொன்ன மரபு நம்முடையது. நாடியே கிடைக்காத கையை நீட்டினால்?

தக்காயாசு நோய் அப்படிப்பட்டது. பெருநாடியும் அதன் கிளைகளும் அழற்சியால் சுருங்கிவிடும். 1908இல் ஜப்பானியக் கண் மருத்துவர் மிக்கிதோ தக்காயாசு ஓர் இளம்பெண்ணின் விழித்திரையில் விசித்திரமான ரத்தநாளப் பின்னலைக் கண்டு சொன்னார்; அதே கூட்டத்தில் வேறு இருவர், தங்கள் நோயாளிகளுக்குக் கையில் நாடியே இல்லை என்றார்கள். பெரும்பாலும் இளம்பெண்களுக்கு வருவது. அதனால் "இனி எப்படி இருக்கும்?" என்று வீட்டார் கேட்பதில் கல்யாணமும் பிள்ளைப்பேறும் அடங்கியிருக்கும்.

1978இல் இஷிகாவா நான்கு சிக்கல்களைப் பார்க்கச் சொன்னார்: விழித்திரைக் கேடு, உயர் ரத்த அழுத்தம், பெருநாடி வால்வுக் கசிவு, நாளப் புடைப்பு. ஜப்பானியக் கணக்கு நம்மவர்களுக்குப் பொருந்துமா? திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தார் 88 பேரைக் கவனித்து 1989இல் எழுதினார்கள். நோய் தொடங்கி 10 ஆண்டுக்குப் பின்னும் உயிரோடிருப்போர் சுமார் 84 சதவீதம். கடுமையான ரத்த அழுத்தமும் இதயப் பாதிப்பும் உள்ளவர்களுக்கே ஆபத்து அதிகம்.

இதில்தான் சங்கடம். நாளம் சுருங்கிய கையில் அளந்தால் அழுத்தம் குறைவாகவே காட்டும். சிறுநீரக நாளமும் சுருங்கி அழுத்தம் உள்ளே ஏறிக்கொண்டிருக்கும்; கையோ எல்லாம் சரி என்று சொல்லும். இரு கைகளிலும் நாடி கிடைக்காவிட்டால் காலில் அளக்க வேண்டும்.