பாலைவன மிதிவண்டிப் பயணங்களும் நம் பால்மரக் காடுகளும்



சென்ற தவணையில் நடந்த ஒரு சின்ன சம்பவம்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். தண்ணீர்மலைப் பக்கம் குடியிருப்பதால், ஞாயிற்றுக்கிழமை காலையில் தாவரவியல் பூங்கா வாசலில் என் மாணவர்கள் யாராவது கண்ணில் படுவார்கள். அங்கிருந்து கொடிமலைக்கு ஏறும் ஜீப்புப் பாதையில் மிதிவண்டி ஓட்டும் கூட்டத்தில் என் படிவம் 3 மாணவன் ஒருவனும் உண்டு. அன்று புது ‘கிரேவல் பைக்’ ஒன்றோடு நின்றான். கல், மண், சரளைப் பாதைகளுக்கென்றே செய்த வண்டி. டயர் சற்று அகலம்.

“டீச்சர், இந்த மாதிரி வண்டியில பாலைவனத்தையே கடக்குறாங்களாம். எதிர்க்காத்து, மணல் எல்லாம் தாங்குமாம். வெள்ளைக்காரங்க இப்பதான் இதைக் கண்டுபிடிச்சிருக்காங்க.”

“இப்பவா? நூறு வருசத்துக்கு மேல ஆச்சுப்பா. நம்ம ஆளுங்களும் போயிருக்காங்க” என்றேன். அவன் நம்பவில்லை. அடுத்த வாரம் அதையே வகுப்பில் பாடமாக்கினேன். அதன் சுருக்கம் இது.

ஒட்டகம் போட்ட பாதை

இன்றைய வடிவில் உள்ள மிதிவண்டி 1885இல் இங்கிலாந்தில் ஸ்டார்லி என்பவர் செய்த ‘ரோவர்’ வண்டியிலிருந்து வந்தது. 1888இல் பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காகக் காற்றடைத்த ரப்பர் டயரைச் செய்தார். இந்த இரண்டும் சேர்ந்த பிறகுதான் மிதிவண்டி கரடுமுரடான நிலத்துக்குள் நுழைந்தது.

1892இல் மேற்கு ஆஸ்திரேலியாவின் கூல்கார்டியில் தங்கம் கிடைத்தது. சுற்றிலும் வறண்ட செம்மண் காடு. குதிரைக்குத் தண்ணீரும் தீனியும் தேட வேண்டும்; மிதிவண்டிக்கு இரண்டும் வேண்டாம். அதனால் தங்க வயல்களுக்கு இடையே கடிதமும் தந்தியும் மிதிவண்டியில் போயின. சாலை கிடையாது. ஓட்டுநர்கள் ஒட்டகத் தடங்களைப் பிடித்துக்கொண்டார்கள். ஒட்டகத்தின் பாதம் மெத்தென்று அகன்றது. வரிசையாக நடக்கும்போது மண்ணை அழுத்திச் சமமாக்கிவிடும். அந்த ஒட்டகங்களை ஓட்டியவர்களை ‘ஆப்கானியர்’ என்றார்கள். ஆனால் அவர்களில் பலர் பலுசிஸ்தான், பஞ்சாப், சிந்து என அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து போனவர்கள்.

1896இல் ஆர்தர் ரிச்சர்ட்சன் என்ற இளைஞர் கூல்கார்டியிலிருந்து புறப்பட்டு, மரமே இல்லாத நல்லர்போர் சமவெளியைக் கடந்து 31 நாளில் அடிலெய்டு போய்ச் சேர்ந்தார். 1899-1900இல் ஆஸ்திரேலியாவையே மிதிவண்டியில் சுற்றி வந்தார்.

பம்பாயிலிருந்து ஆறு பேர்

இனி நம் மாணவன் நம்பாத பகுதி. 1923 அக்டோபர் 15ஆம் நாள் பம்பாயிலிருந்து ஆறு பார்சி இளைஞர்கள் மிதிவண்டியில் உலகம் சுற்றக் கிளம்பினார்கள். எல்லாரும் இருபது வயதையொட்டியவர்கள். பளுதூக்கும் சங்கத்தில் உடம்பை வளர்த்தவர்கள். பலுசிஸ்தான், பாரசீகம் வழியாக பாக்தாத் போனார்கள். பாக்தாதிலிருந்து அலெப்போ வரை மெசபடோமியப் பாலைவனம், ஏறக்குறைய 950 கிலோமீட்டர். அதை 23 நாளில் கடந்தார்கள்.

வகுப்பில் இதைக் கணக்காகப் போட வைத்தேன். ஒரு நாளைக்கு 41 கிலோமீட்டர் வருகிறது. நம் பினாங்குப் பாலத்தின் நீளம் 13.5 கிலோமீட்டர், அதை மூன்று தடவை கடக்கும் தூரம். “இவ்வளவுதானா?” என்றது பின்வரிசை. சரி, மணலில் என்ன நடக்கும் என்று பார்ப்போம் என்றேன்.

ஒடுங்கிய டயர் மணலைக் கத்திபோல் அறுத்துக்கொண்டு உள்ளே இறங்கிவிடும். அகலமான டயரில் காற்றைக் குறைத்தால் அது தட்டையாகப் படிந்து, எடையைப் பரப்பி, மேலேயே மிதக்கும். ஒட்டகப் பாதமும் இதே வேலையைத்தான் செய்கிறது. இன்றைய கிரேவல் வண்டிகளின் டயர் 40 மில்லிமீட்டர், அதற்கு மேலும் அகலம் இருப்பது இதனால்தான். 1923இல் அவர்களிடம் இருந்தவை சாதாரண மிதிவண்டிகள். ஆழ்ந்த மணல் வந்தால் இறங்கித் தள்ள வேண்டியதுதான். இதோடு காற்று வேறு. எதிர்ப்படும் காற்றின் வேகம் இரட்டித்தால் அதன் தடை நான்கு மடங்காகும். மலை என்றால் ஏறிய பிறகு இறக்கம் வரும். எதிர்க்காற்றுக்கு இறக்கமே கிடையாது. சமநிலத்திலும் நாள் முழுக்க ஏற்றம்தான்.

அப்புறம் சினாய் பாலைவனம், எகிப்து, ஐரோப்பா, அமெரிக்கா, ஜப்பான், சீனா, சயாம், பர்மா. 1928 மார்ச் 18ஆம் நாள் பம்பாய்க்குத் திரும்பியவர்கள் மூன்றே பேர்: ஆதி ஹக்கீம், ஜால் பாப்பசோலா, ருஸ்தம் பூம்காரா. மற்ற மூவரும் வழியில் பிரிந்துவிட்டார்கள். மொத்தம் ஏறக்குறைய 71,000 கிலோமீட்டர். அடிமைப்பட்ட நாட்டின் பிள்ளைகள், இந்தியாவின் பெயரை உலகம் அறிய வேண்டும் என்று போனவர்கள். இவர்கள் பெயரும் நம் வகுப்பறைக்கு வருவதில்லை என்பது தனி வருத்தம்.

டயர் எங்கிருந்து வந்தது?

பாடம் முடிகிற நேரத்தில் ஒரு மாணவி கேட்டாள்: “டீச்சர், அந்த டயருக்கு ரப்பர் எங்கேயிருந்து வந்துச்சு?” நான் தயார் செய்து வைத்திருந்த எந்தக் கேள்வியையும்விட நல்ல கேள்வி.

ரிச்சர்ட்சன் காலத்து ரப்பர் பெரும்பாலும் காட்டு ரப்பர். அமேசான் காட்டிலும், பெல்ஜிய மன்னர் லியோபோல்டின் கொங்கோவிலும் எடுத்தது. கொங்கோவில் மக்களை மிரட்டி, கைகளை வெட்டி ரப்பர் வாங்கிய கொடுமை உலகறிந்தது. டயருக்காக ஏறிய தேவைதான் அந்தக் கொடுமையைப் பெருக்கியது.

அதற்குள் இங்கே வேறொரு கதை தொடங்கியிருந்தது. 1876இல் பிரேசிலிலிருந்து லண்டனுக்குக் கொண்டுபோன விதைகளிலிருந்து முளைத்த கன்றுகளில் 22, 1877இல் சிங்கப்பூர் வந்தன. ரிட்லி என்ற தாவரவியலாளர் மரத்தைச் சாகடிக்காமல் பால் எடுக்கும் முறையைக் கண்டறிந்து பரப்பினார். தோட்டங்கள் பெருகின, ஆள் தேவைப்பட்டது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிய நம் மக்கள் முதலில் மிதித்த மண் பெரும்பாலும் பினாங்கு. தடுப்புக்காவலுக்காக ஜெரஜாக் தீவில் இறக்கி, பிறகுதான் கங்காணியோடு கித்தா காட்டுக்கு அனுப்பினார்கள்.

1923இல் பம்பாய் இளைஞர்கள் புறப்பட்டபோது உலகச் சந்தையின் ரப்பரில் மிகப் பெரும்பங்கு ஆசியத் தோட்டங்களுடையது. அதில் மலாயாவே முதலிடம். விலையைத் தூக்கி நிறுத்த உற்பத்தியைக் கட்டுப்படுத்தும் ஸ்டீவன்சன் திட்டம் 1922 முதல் 1928 வரை நடந்தது. அவர்களின் பயணக் காலமும் ஏறக்குறைய அதுவே. பாக்தாத் மணலில் அவர்கள் விடியலில் எழுந்து வண்டியைத் தள்ளிய அதே ஆண்டுகளில், இங்கே விடியுமுன் பெரட்டுக்கு நின்று, உளியும் வாளியுமாக நிரைக்குள் நுழைந்தார்கள் நம் பாட்டன் பாட்டிமார்.

“அப்படின்னா எங்க கொள்ளுத்தாத்தா சீவுன பால்ல செஞ்ச டயர்தான் பாலைவனத்துல ஓடுச்சா?” அந்த மாணவியின் கண்ணில் அப்படி ஒரு வெளிச்சம். ஆமாம் என்று சொல்லிவிட ஆசைதான். என் கொள்ளுப்பாட்டியும் பால்வெட்டுக்குப் போனவர். ஆனாலும், “இருக்கலாம்மா. இதுதான்னு சொல்ல முடியாது” என்றேன். பல தோட்டங்களின் ரப்பர் தரம் பிரித்துக் கலந்து விற்கப்பட்டது. தொழிற்சாலையில் மீண்டும் கலந்தது. எந்தக் கையின் பால் எந்த டயரில் என்று பிரித்துப் பார்க்க வழியே இல்லாதபடிதான் அந்த வணிகமே நடந்தது.

வகுப்பு அமைதியாகிவிட்டது. கடைசியில் அவளே சொன்னாள்: “அதனாலதான் அவங்க பேரு இல்லையா டீச்சர்?”

இதை நாம் விட்டுவிடக் கூடாது, ஆசிரியர்களே. பெருமைக்காக இல்லாததைச் சேர்த்துச் சொல்வது வரலாறு ஆகாது. பெயர் ஏன் கிடைக்கவில்லை என்று கேட்பது வரலாறு. டயர் செய்தவர் பெயர் நிறுவனமாக நின்றது. ஓட்டியவர் பெயர் புத்தகத்தில் நின்றது. பால் எடுத்தவர் பெயர் தோட்டத்துச் செக்ரோலில் மட்டும் இருந்தது. 1930களின் மந்தத்தில் ரப்பர் விலை விழுந்தபோது கூலி குறைந்தது. ஆயிரக்கணக்கானோரைத் திருப்பிக் கப்பலேற்றினார்கள்.

வகுப்பில் செய்து பார்க்க மூன்று நடவடிக்கைகள்:

1. பம்பாயிலிருந்து சினாய் வரை பயணப் பாதையை நிலப்படத்தில் வரைதல்; இன்று அது எத்தனை நாடுகள் வழியாகப் போகிறது என எண்ணுதல்.

2. ‘உறுதியாகத் தெரிந்தது’, ‘இருக்கக்கூடியது’ என இரண்டு பத்தி போட்டு இக்கட்டுரையின் செய்திகளைப் பிரித்தல்.

3. வீட்டுப் பெரியவர்களிடம் தோட்ட வாழ்க்கையைக் கேட்டு, பெயர், தோட்டம், ஆண்டு ஆகிய மூன்றையும் எழுதி வருதல்.

மூன்றாவதை நான் செய்து பார்த்தேன். 27 மாணவர்களில் 19 பேர் எழுதி வந்தார்கள். கிரேவல் பைக் மாணவன் தன் பூட்டி பெயரை முதன்முறையாகக் கேட்டறிந்து வந்திருந்தான். இப்போது அந்தப் பெயர் அவன் வண்டிச் சட்டத்தில் சின்னதாக ஒட்டியிருக்கிறது.