சட்டம் முந்தியதா, கட்டைவிரல் முந்தியதா?

போன மாதம் கொல்லிமலைக்குப் போயிருந்தேன். 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் மேலே 14 நாடுகள். அதில் ஒன்று அரியூர் நாடு. அங்கே எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏற்றியிருக்கிறார். இப்போது மிளகுப் பணம் போனிலேயே வந்துவிடுகிறது. "வந்திருச்சான்னு பாருங்க தம்பி"னு போனை நீட்டினார். வந்திருந்தது. பிறகு கேட்டார்: "போற எடத்துல எல்லாம் கைரேகை வாங்கிக்கிறாங்களே, அதுக்கு ஏதாச்சும் சட்டம் இருக்குதா?"

"இருக்குங்க"னு சொன்னேன். "எப்பருந்து?"னு அடுத்த கேள்வி. இருபது வருஷத்துக்கு மேல மென்பொருள் எழுதிச் சம்பாதிக்கிறவன் நான். சட்டென்று பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து தேதிவாரியாக எழுதிப் பார்த்தேன். வரிசை கொஞ்சம் விசித்திரமாக இருந்தது.

முதலில் வந்தது வியாபாரம். ஐ.நா.வின் பன்னாட்டு வணிகச் சட்ட ஆணையம் 1996இல் மின்வணிகத்துக்கு ஒரு மாதிரிச் சட்டம் தயாரித்தது. அதை ஒட்டி சிங்கப்பூர் 1998இல் சட்டம் போட்டது. இந்தியாவின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 அக்டோபர் 17 அன்று அமலுக்கு வந்தது. பிரச்சினை எளிமையானது: அப்போதிருந்த நம் சாட்சியச் சட்டம் 1872ஆம் வருஷத்தது, அதற்குத் தெரிந்ததெல்லாம் காகிதமும் மையும்தான். புதுச் சட்டம் மின்னணு ஆவணத்தையும் ஆவணம் என்றது, டிஜிட்டல் கையெழுத்தையும் கையெழுத்து என்றது. உயில், பவர் பத்திரம், நிலம் விற்கும் ஒப்பந்தம் போன்றவற்றை அப்போது வெளியே வைத்தது. நான் பி.இ. படித்துக்கொண்டிருந்த காலம் அது. மணிக்கணக்கில் காசு கொடுத்து பிரவுசிங் சென்டரில் மெயில் பார்ப்போம். அதாவது இங்கே சட்டம் முந்திக்கொண்டது, மின்வணிகம் பின்னால்தான் வந்தது.

அடுத்த திருத்தம் அடிபட்ட பிறகு வந்தது. 2004இல் ஓர் ஏல இணையதளத்தில் யாரோ ஒருவர் ஆபாசக் காணொளியை விற்பனைக்குப் போட, தளத்தின் தலைவரைக் கைது செய்தார்கள். பயனர் செய்த தப்புக்குத் தளம் பொறுப்பா? இந்தக் கேள்விக்குப் பதிலாக, 2008 டிசம்பரில் நிறைவேறிய திருத்தம் 79ஆம் பிரிவை மாற்றி எழுதி இடைநிலைத் தளங்களுக்கு நிபந்தனையோடு பாதுகாப்பு கொடுத்தது. கூடவே வந்தது 66ஏ பிரிவு. 'எரிச்சலூட்டும்' பதிவுக்குக்கூட மூன்று வருஷம் வரை சிறை. சட்ட மாணவியாக இருந்த ஷ்ரேயா சிங்கால் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று அதை ரத்து செய்தது.

இனி கைரேகைக்கு வருவோம். ஆதார் ஆணையத்தை 2009இல் அரசாணை மூலம் அமைத்தார்கள். முதல் ஆதார் எண்கள் 2010 செப்டம்பரில், மகாராஷ்டிரத்தின் தெம்ப்ளி என்ற பழங்குடி கிராமத்தில் வழங்கப்பட்டன. சட்டம்? 2010இல் கொண்டுவந்த மசோதாவை யஷ்வந்த் சின்ஹா தலைமையிலான நாடாளுமன்ற நிலைக்குழு 2011 டிசம்பரில் ஏற்க மறுத்துவிட்டது. ஆனாலும் பதிவு நிற்கவில்லை. ஆதார் சட்டம் நிறைவேறியது 2016 மார்ச்சில்; அடுத்த மாதமே எண்ணிக்கை 100 கோடியைத் தாண்டியது. இங்கே கட்டைவிரல் முந்திவிட்டது.

ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி 2012இல் தொடுத்த வழக்கில்தான், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகச் சொன்னார்கள். தனிநபர் தரவுக்கான மசோதா 2019இல் வந்து, 2022இல் திரும்பப் பெறப்பட்டு, வேறு வடிவில் 2023 ஆகஸ்ட்டில் சட்டமானது. விதிகள் 2025 நவம்பரில் வந்தன. முக்கியமான கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாத அவகாசம். இலங்கையேகூட 2022இல் தன் சட்டத்தை நிறைவேற்றிவிட்டது.

ஆக, வியாபாரத்துக்கான சட்டம் 2000இல், மனிதனுடைய தகவலுக்கென்று தனிச் சட்டம் 2023இல். இடையில் 23 வருஷம்.

தாமதமே தப்பு என்று சொல்ல வரவில்லை. யுபிஐ 2016இல் வந்தபோது அதற்கென்று புதுச் சட்டம் போடவில்லை. 2007ஆம் வருஷத்துப் பணப்பட்டுவாடாச் சட்டமே போதுமானதாக இருந்தது. வளரும் நாடு எல்லாவற்றையும் முன்கூட்டியே யோசித்துச் சட்டம் எழுதிவிட்டுத்தான் தொடங்க வேண்டுமென்றால் எதுவுமே தொடங்காது.

ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. பாஸ்வேர்டு திருடுபோனால் மாற்றிவிடலாம். தப்பாகப் போன பணத்தைத் திரும்பக் கேட்கலாம். கைரேகையை மாற்ற முடியாது. திருத்த முடியாத விஷயத்துக்காவது சட்டம் முந்த வேண்டும் என்பதுதான் என் கட்சி. கென்யாவில் 2021 அக்டோபரில் உயர் நீதிமன்றம் இதைத்தான் சொன்னது: தரவுப் பாதுகாப்பு பாதிப்பை மதிப்பிடாமல் தேசிய அடையாள அட்டைத் திட்டத்தை நடைமுறைப்படுத்தியது செல்லாது என்று.

நம் 2023 சட்டத்தில் அந்தப் பெரியவருக்கு என்ன இருக்கிறது? சம்மதம் கேட்கும் அறிவிப்பை அவர் தமிழிலேயே படிக்க வழி செய்ய வேண்டும்; அட்டவணையில் உள்ள 22 மொழிகளுக்கும் இது பொருந்தும். தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. ஆனால் மானியம், சலுகை தரும்போது அரசு பல சூழ்நிலைகளில் புதிதாகச் சம்மதம் கேட்க வேண்டியதில்லை என்கிறது 7ஆம் பிரிவு. மலைமேல் இருப்பவர்கள் விரல் வைப்பது பெரும்பாலும் அதற்காகத்தானே?

இதையெல்லாம் சுருக்கி அவருக்குப் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை, சிக்னல் போய்விட்டதோ என்று நினைத்தேன். பிறகு, "அப்ப நான் வெரல் வெச்சப்ப சட்டம் இல்லீங்க"ன்னார்.

அவர் 2013இல் பதிந்தவர். சரியாகத்தான் சொன்னார்.