ஏட்டில் பெருகிய திருச்சபை

ஹுன்னஸ்கிரியவுக்கு அணித்தே மெதமகாநுவர இருக்கிறது. ஆபத்துக் காலத்தில் கண்டி மன்னர்கள் ஒதுங்கிய இடம் அது. கடைசி மன்னன் 1815இல் பிடிபட்டதும் அதன் அயலிலேதான். ஆனால் இம்மலை இராச்சியம் மன்னர்க்கு மட்டும் புகலிடமாய் இருக்கவில்லை. கரையோரத்தில் வேட்டையாடப்பட்ட கத்தோலிக்கருக்கும் அது இடம் கொடுத்தது. அவர்களை வேட்டையாடியதும் கிறிஸ்துவின் பெயரால் ஆண்ட ஓர் ஆட்சியே!

1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். அப்போது அங்கே மிகப் பெரும்பாலோர் கத்தோலிக்க ஏட்டில் ஞானஸ்நானம் பெற்றோராய்ப் பதியப்பட்டிருந்தனர். அவர்களிடையே சீர்திருத்தச் சபையை நாட்டும் பொறுப்பு பிலிப்பஸ் பால்டேயஸ் என்னும் இளம் போதகரிடம் விழுந்தது. டெல்ஃப்ட் நகரிற் பிறந்த அவருக்கு அன்று வயது 26. தமிழ் கற்றார், ஊர் ஊராய்ச் சென்றார். கோயில்களைப் புதிதாய்க் கட்டும் தொல்லை அவருக்கில்லை. தெல்லிப்பழை முதலிய ஊர்களில் பறங்கியர் விட்டுச் சென்றவை இருந்தன. சொரூபங்கள் அகற்றப்பட்டன, சபை மாறிற்று. குருமாருக்கு அடைக்கலம் கொடுப்போருக்கு மரண தண்டனை என்று அதே ஆண்டில் கட்டளையும் பிறந்தது.

ஆசிரியர்களாகிய நாம் கூர்ந்து நோக்கவேண்டியது இதன் பின் நிகழ்ந்ததைத்தான். போதகர்கள் மிகச் சிலர். அவருள் தமிழ் அறிந்தோர் அதனினும் சிலர். ஆகவே ஒவ்வோர் ஊரிலும் சபையைச் சுமந்தவர் பள்ளிக்கூட வாத்தியாரே. வினா விடையை மனப்பாடம் செய்விப்பவர் அவர். போதகர் இல்லாத ஞாயிறுகளிற் பிரசங்கத்தை வாசிப்பவரும் அவர். திருமுழுக்கையும் விவாகத்தையும் பள்ளித் தோம்பில் எழுதுபவர், பிள்ளைகள் வராவிடிற் பெற்றோர் மீது தண்டம் விழச் செய்பவர், எல்லாம் அவரே. அத்தோம்பிற் பெயரில்லாதவனுக்கு உத்தியோகமில்லை. தந்தையின் காணிக்கு உரிமை கோருவதும் அரிது. காணி உள்ளவன் ஓடோடி வந்து பெயர் எழுதுவித்ததில் வியப்பென்ன? 1663ஆம் ஆண்டளவில் 62,000 பேருக்கு மேல் கிறிஸ்தவராய்க் கணக்கிடப்பட்டனர். அவர்களிடையே பழைய சமய வழக்கங்கள் நீங்கவில்லை என்பதைப் பால்டேயஸே தம் நூலில் எழுதினார். நேர்மையான மனிதர் என்றே நாம் கருதுகிறோம். ஆனால் அவர் வளர்த்த சபையின் வேர் கம்பெனியின் கச்சேரியில் இருந்தது.

1687இல் கோவாவிலிருந்து யோசேப் வாஸ் என்னும் குரு யாழ்ப்பாணத்தில் வந்திறங்கினார். பிராமண வழிவந்த கத்தோலிக்கக் குடும்பத்தவர். வந்ததோ கூலியாளின் கோலத்தில். (மலையகத்தவராகிய நமக்கு அச்சொல்லின் பாரத்தை எவரும் விளக்கவேண்டியதில்லை.) சில்லாலை மக்கள் அவரை மறைத்துக் காத்தனர். 1692இல் அவர் கண்டி வந்தபோது, போர்த்துக்கேய ஒற்றன் என்று சிறையிலிட்டனர். பின்னர் இரண்டாம் விமலதர்மசூரியன் என்ற பௌத்த மன்னன் அவருக்கு வழிபாட்டு உரிமை வழங்கினான். இதை வெறும் பெருந்தன்மை என்று கொள்ளவேண்டியதில்லை. ஒல்லாந்தரோடு கண்டிக்கிருந்த பகையும் அதற்கு உதவியிருக்கலாம். 1697இல் நகரிற் பெரியம்மை பரவிற்று. பலர் அஞ்சி வெளியேறினர்; கைவிடப்பட்ட நோயாளரை வாஸ் கழுவி, உணவூட்டி, இறந்தோரை அடக்கினார். 1711இல் கண்டியிலேயே மறைந்தார். அவர் வழிவந்த ஜாக்கோமே கொன்சால்வேஸ் சிங்களத்திலும் தமிழிலும் நூல்கள் செய்தார். காணியும் பதவியும் கொடுக்க இவர்களிடம் யாதுமில்லை. சேர்ந்தோருக்கு இழப்பே மிச்சம்.

ஒல்லாந்தச் சபையில் உண்மை ஊழியரே இல்லை என்பது நம் கருத்தன்று. பிலிப்பு தெ மெல்லோ என்னும் தமிழர் அச்சபையின் போதகராகி, புதிய ஏற்பாட்டின் தமிழ் மொழிபெயர்ப்பைத் திருத்தினார். அது 1759இற் கொழும்பில் அச்சேறிற்று. ஆனால் அப்போது பால்டேயஸ் வந்து நூறு ஆண்டு கடந்துவிட்டது.

1796இல் ஆங்கிலேயர் வந்தனர். ஞானஸ்நானத்துக்கும் உத்தியோகத்துக்கும் இருந்த முடிச்சு அவிழ்ந்தது. 1806இற் கத்தோலிக்கர் மீதிருந்த தடைகளும் நீங்கின. ஏட்டிலிருந்த பெருங்கூட்டம் சைவத்துக்கும் கத்தோலிக்கத்துக்கும் வெளிப்படையாகவே திரும்பிற்று. 1816இல் அமெரிக்க மிஷனரிமார் தெல்லிப்பழைக்கு வந்தபோது பழைய கோயில் பாழடைந்து கிடந்தது. அவர்களும் அங்கே முதன்முதல் திறந்தவற்றுள் ஒன்று பள்ளிக்கூடம்.