இறப்பும் புறப்பாடும்: மலையகக் காமன் கூத்தில் பாத்திரமும் பாத்திரந் தாங்குவோரும்

ஈழத்துத் தமிழ் நாடக வரலாறு பற்றி வெளிவந்த ஆய்வுகள் நெடுங்காலம் யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மன்னார் ஆகிய பிரதேசங்களின் கூத்து மரபுகளையே மையமாகக் கொண்டிருந்தன. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனையில் மேற்கொண்ட கூத்து மீட்புப் பணி, கர்ணன் போர், இராவணேசன் முதலிய தயாரிப்புகள் வாயிலாக மட்டக்களப்பு மரபினைப் புதிய அரங்கிற்குக் கொணர்ந்தமை யாவரும் அறிந்ததே. அப்பணியின் பெறுமதி குறைத்து மதிப்பிடத்தக்கதன்று. ஆயின், அப்பல்கலைக்கழகத்திற்கு அப்பாலுள்ள மலைகளில் தோட்டத் தொழிலாளர் ஆண்டுதோறும் ஆடிவந்த காமன் கூத்து, அதே அளவு கவனத்தை அக்காலத்திற் பெறவில்லை. இக்கட்டுரை அக்கூத்தின் முழு வரலாற்றைக் கூற முனையவில்லை. அதில் எழும் ஒரு வினாவை மாத்திரம் எடுத்து ஆராய்கின்றது.

மனிதர் வேடந் தாங்கும் எல்லாக் கலைகளிலும் இரு சிக்கல்கள் உள. பாத்திரம் இறந்துபடும்போது அதனைத் தாங்கியவன் யாது செய்வது என்பது ஒன்று. தாங்கியவன் அகன்றுவிடும்போது பாத்திரம் யாதாவது என்பது மற்றையது. இன்று கணினி வாயிலாக உலகெங்கும் பலர் கூடி ஆடும் பாத்திர விளையாட்டுகளிலும் இவ்விரு சிக்கல்களும் எழுகின்றன. அங்கு பாத்திரம் பெரும்பாலும் அதனைப் படைத்த தனியாளின் உடைமை. அவர் விலகினால் அதுவும் மறைகின்றது, அல்லது கதைக்குள் ஒரு சாவு அதற்கு விதிக்கப்படுகின்றது. மலையகக் கூத்து இவற்றை வேறொரு வகையிற் கையாண்டது. அவ்வேறுபாடு அழகியல் சார்ந்தது மட்டுமன்று. ஒரு மக்கட் கூட்டத்தின் வரலாற்றோடு பிணைந்தது.

கெகல்கமு ஓயா பாயும் பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கு, மத்திய மலைநாட்டின் முக்கிய தேயிலைப் பிரதேசங்களுள் ஒன்று. இங்கு முதலில் எழுந்தவை கோப்பித் தோட்டங்களே. 1869 இல் இலங்கையிற் காணப்பட்ட இலைநோய் கோப்பியை அழித்தபின் தேயிலை அதன் இடத்தைப் பற்றிக்கொண்டது. தமிழகத்தின் திருச்சி, சேலம், தஞ்சை, மதுரை முதலிய மாவட்டங்களின் வறண்ட கிராமங்களிலிருந்து கங்காணிமாரால் திரட்டி வரப்பட்டோர் தமது தெய்வங்களையும் தப்பையும் கதைகளையும் உடன் கொணர்ந்தனர். காமன் கூத்து, பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு ஆகிய மூன்றும் இவ்வாறு லயங்களில் வேரூன்றியவை.

இதே பள்ளத்தாக்கில் வேறொரு வேடப் புனைவின் நினைவும் உறங்குகின்றது. விக்டோரியா காலத்துப் புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரோன், பொகவந்தலாவைப் புனித மரியாள் ஆலய வளவில், தம் கணவர் சார்ள்ஸ் ஹே கமரோனுடன் அடக்கம் செய்யப்பட்டுள்ளார். கணவர், 1830களில் இலங்கையின் ஆட்சி முறையை மாற்றியமைத்த கோல்புறூக் - கமரோன் ஆணைக்குழுவின் உறுப்பினர்; கோப்பித் தோட்டச் சொந்தக்காரர். மனைவி, இங்கிலாந்தில் தம் உறவினரையும் பணியாளரையும் அயலவரையும் வேடம் புனையச் செய்து, டெனிசனின் ஆதர் மன்னன் காவியத்திற்கு 1874 இல் படங்கள் எடுத்தவர். ஆதரின் மறைவும் அவற்றுள் ஒன்று. 1875 இல் இலங்கை வந்த அவர் தோட்டத் தொழிலாளரையும் படம் பிடித்தார். அப்படங்களில் உள்ளோரிற் பெரும்பாலோரின் பெயர்கள் நமக்குக் கிட்டவில்லை. 1879 இல் இறந்த அவருக்குக் கல்லறை உண்டு. அவர் படம்பிடித்தோருக்குப் பெயரும் இல்லை, கல்லறையும் இல்லை. இது தற்செயலன்று. யாருடைய மறைவு பதிவு பெறும் என்பதை உடைமை உறவுகளே தீர்மானித்தன.

இனிக் கூத்தினை நோக்குவோம். மாசி மாதத்து அமாவாசையை அடுத்துப் பெரும்பாலும் மூன்றாம் பிறையிற் காமன் கம்பம் ஊன்றப்படும். அன்று முதல் கூத்தாடுவோர் காப்புக் கட்டி, ஊனுணவு நீக்கி விரதங் காப்பர். இரவுதோறும் தப்பு முழங்க ரதியும் மன்மதனும் ஆடுவர். இறுதி இரவில் ஈசன், வீரபத்திரன், எமன், தூதன், குறவன், குறத்தி, கோமாளி முதலிய பாத்திரங்களும் தோன்றும். தேவர்களின் ஏவலால் ஈசனின் தவத்தைக் கலைக்கச் செல்லும் மன்மதனை ரதி தடுக்கிறாள். தான் கண்ட தீக்கனவைச் சொல்லி மன்றாடுகிறாள். அவன் கேளாது செல்கிறான். நெற்றிக் கண்ணால் எரிகிறான். கம்பத்திற்குத் தீ மூட்டப்படுகின்றது. ரதி தாலி அறுக்கிறாள், ஒப்பாரி எழுகின்றது. பின்னர் அவளது வேண்டுதலுக்கிரங்கி ஈசன் காமனை எழுப்புகிறான். ஆயினும் அவன் ரதியின் கண்களுக்கு மட்டுமே புலப்படுவான் என்பது நிபந்தனை. தோட்டத்திற்குத் தோட்டம் நிகழ்முறை வேறுபடினும் இவ்வமைப்பு பொதுவானது.

மன்மதன் தன் விருப்பத்தால் இறப்பவன் அல்லன் என்பது இங்கு கவனத்திற்குரியது. மேலோர் ஏவிய பணியின் நிமித்தம் சென்று, வேறொரு மேலோனின் சினத்திற்கு இரையாகிறான். ஏவியோர் எவரும் எரிவதில்லை. இழப்பு, ஏவப்பட்டவனின் மனைவிக்கே உரியதாகின்றது. வேலைத்தலத்திற் கணவனை இழந்த பெண்கள் நிறைந்த லயத்தில் ரதியின் ஒப்பாரி வெறும் புராண ஒப்பாரியாக ஒலித்திருக்கவியலாது. ரதி வேடமோ மரபாக ஆண்களே தாங்கியது. எனினும் சூழ நின்று அழுத பெண்கள் தத்தம் இறந்தோரையும் எண்ணியே அழுதனர் எனக் கருத இடமுண்டு.

இறந்து மீளும் தெய்வம் பற்றி ஃபிரேசர் 1890 இல் வெளியிட்ட பொற்கிளை என்னும் நூலில் விரிவாக எழுதினார். அதோனிஸ், ஒசிரிஸ் முதலிய தெய்வங்களை வேளாண் வளமைச் சடங்குகளோடு இணைத்தார். ஜோர்ஜ் தொம்சன் 1941 இல் கிரேக்க நாடகத்தை ஆராய்ந்தபோது, குலக்குழுச் சமூகத்தின் இறப்பு - மறுபிறப்புச் சடங்குகளில் துன்பியல் நாடகத்தின் வேர்களைக் கண்டார். அச்சடங்கில் இறப்பவன் தனியாள் அல்லன். குழுவின் சார்பில் ஒருவன் இறந்து எழுகிறான். காமன் கூத்திலும் பாத்திரம் குழுவின் உடைமையே. காப்புக் கட்டும் விரதம், அன்றாடக் கூலியாளாகிய ஒருவனை அந்நாட்களுக்குப் பாத்திரமாக்குகின்றது. காப்பு அவிழ்க்கும்போது அவன் மீண்டும் கூலியாளாகிறான். இச்சடங்கெல்லை இல்லாவிடின் தீயில் எரிந்த காமனாக ஆடியவன் மறுநாள் மலைக்குச் செல்வது எங்ஙனம்?

பொன்னர் சங்கரில் இது இன்னும் கூர்மையாக வெளிப்படுகின்றது. படுகளத்தில் வீரர் வேடத்தார் மருளுற்று வீழ்ந்து கிடப்பர். தங்கை வேடந் தாங்கியவர் வந்து அவர்களை எழுப்பினாலன்றி எழுதல் வழக்கமன்று. இங்கும் நடிகன் தானே எழுந்து போவதில்லை; குழு அவனை எழுப்புகின்றது.

மரணத்தை ஐயுறுவதற்கும் இம்மரபு இடமளித்தது. தஞ்சை மாவட்டத்துக் காமன் பண்டிகையில் லாவணிப் பாடகர் எரிந்த கட்சி, எரியாத கட்சி என இரு அணியாகப் பிரிந்து, மன்மதன் எரிந்தானா இல்லையா என விடிய விடிய வாதிடுவர். ஒரு பாத்திரத்தின் சாவு முடிந்த முடிபன்று, மக்கள் மன்றில் விவாதித்தற்குரியது என்ற எண்ணம் இதனுள் உறைகின்றது.

ஆகவே முதற் சிக்கலுக்குக் கூத்து விடை கண்டது. இரண்டாவது சிக்கலாகிய புறப்பாட்டிற்கும் அதனிடம் ஒரு விடை இருந்தது. வேடங்கள் நேர்த்தியாகவோ குடும்ப வழியாகவோ கையளிக்கப்பட்டன. முதியவன் தளர்ந்தால் கூத்து மாஸ்டர் இளையவனைப் பழக்கினார். மன்மதன் மாறுவதில்லை, ஆடும் உடலே மாறும். தோட்ட நிருவாகத்தின் வழியோ இதற்கு நேர்மாறானது. அங்கு ஒருவன் அகன்றால் பெயர்ப் பதிவேட்டில் அவன் பெயர் வெட்டப்படும். அவனது வீடும் வேறொருவருக்குரியதாகும். 1921 இல் ஒழிக்கப்பட்ட துண்டு முறையின் கீழ் அவன் கடன் எழுதிய சீட்டோடுதான் அடுத்த தோட்டத்திற்குச் செல்ல முடிந்தது. கூத்தில் ஆள் போனாலும் பாத்திரம் நின்றது. தோட்டத்தில் ஆள் போனாலும் கடன் நின்றது.

ஆனால் 1964 ஒக்டோபர் 30 இல் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் விளைவித்த புறப்பாட்டை எந்த மாஸ்டராலும் ஈடு செய்ய இயலவில்லை. 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட மக்களுள் 9,75,000 பேர் கணக்கிடப்பட்டனர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என வகுக்கப்பட்டது. எஞ்சிய 1,50,000 பேரும் 1974 இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். இத்தொகைகளை வகுத்தபோது அம்மக்களின் விருப்பம் கேட்கப்படவில்லை. ஒரே குடும்பத்தில் ஒருவர் இந்தியப் பிரசையாகவும் மற்றவர் இலங்கைப் பிரசையாகவும் பிரிந்தனர். தலைமன்னார் நோக்கிச் சென்ற புகையிரதத்திற்கு மக்கள் இட்ட பெயர் ஒப்பாரிக் கோச்சி. எழுத்தாளர் மு. சிவலிங்கம் தம் சிறுகதைத் தொகுதி ஒன்றிற்கு இப்பெயரையே சூட்டினார். கூத்தின் இறுதி இரவிற்குரிய ஒப்பாரி, இங்கு அட்டன் புகையிரத நிலைய மேடைக்கு இறங்கி வந்துவிட்டது. 1984 இல் இராமேசுவரத்திற்கான கப்பற் சேவை போரினால் நின்றபோது, போனவர் திரும்பிப் பார்க்கும் வழியும் அடைபட்டது.

கூத்து வினைஞர் ஒருவரோ இருவரோ செல்லின் இளையோரைப் பழக்கலாம். லயம் லயமாக மக்கள் பெயர்ந்தபோது பழக்குவோர், பழகுவோர், தப்படிப்போர், ஒப்பாரிக்குக் குரல் கொடுப்போர் எனக் குழுவே சிதைந்தது. பாத்திரத்தைக் காத்தது குழு. குழுவைக் காக்கப் பாத்திரத்தால் இயலவில்லை. காமன் ரதிக்கு மட்டுமே புலப்படுவான் என்ற நிபந்தனை இதன்பின் புதுப்பொருள் பெறுகின்றது. கோத்தகிரியிலோ கூடலூரிலோ வாழும் மகன், பொகவந்தலாவையில் எஞ்சிய தாயின் நினைவில் மட்டுமே தோன்றக்கூடியவன் ஆனான்.

இவ்விடத்து ஓர் எச்சரிக்கை அவசியம். கூத்தினைத் தூய வர்க்க உணர்வின் வெளிப்பாடாகக் காண்பது முற்போக்கு ஆய்வாளரிடை நேரும் தவறு. தப்படித்தல் குறிப்பிட்ட சாதியார் மீது சுமத்தப்பட்ட கடமையாக இருந்தது. பெண்கள் அழுவதற்கு அழைக்கப்பட்டனர், ஆடுவதற்கன்று. கங்காணியின் ஆதரவும் துரையின் அனுமதியும் இன்றி ஆட்டம் நிகழ்தல் அரிது. காமன் எழுப்பப்படுவது ஈசனின் கருணையினாலேயே, போராட்டத்தினால் அன்று. 1940 இல் முல்லோயாவிற் சுட்டுக் கொல்லப்பட்ட கோவிந்தனையும், 1977 இல் டெவன் தோட்டத்திற் சுட்டுக் கொல்லப்பட்ட சிவனு லெட்சுமணனையும் எந்த ஈசனும் எழுப்பவில்லை. அவர்களை நினைவில் நிறுத்தியது தொழிலாளர் இயக்கமே. சடங்கு, துயரைக் கூட்டாகத் தாங்கும் வலிமையைத் தந்தது. துயரின் காரணத்தை இனங்காட்டவில்லை. இரண்டையும் ஒருங்கே கூறுவதே வரலாற்று நேர்மையாகும்.

நாடற்ற நிலை 1988, 2003 ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் பெருமளவு நீங்கிற்று. எனினும் புறப்பாடு ஓயவில்லை. இளையோர் கொழும்புக் கடைகளுக்கும் மத்திய கிழக்கிற்கும் செல்கின்றனர். கூத்து இன்றும் ஆடப்படுகின்றது. மாசியில் ஊர் திரும்புவோரை நம்பியே பல இடங்களில் ஆடப்படுகின்றது. சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த மலைநாட்டு மக்கள் பாடல்கள் 1983 இல் நூலாயிற்று. மாத்தளை வடிவேலன் போன்றோர் மலையகக் கலைகளைப் பதிந்தனர். இப்பணியின் அடுத்த கட்டம், பாடலைப் பதிவதோடு நில்லாது பாத்திரந் தாங்கியோரையும் பதிவதாக அமைதல் வேண்டும். எத்தோட்டத்தில், எவ்வாண்டில், எவர் காமன், எவர் ரதி, எவர் தப்படித்தார், அவருள் எவர் எவ்வாண்டு எங்குப் பெயர்ந்தார் என முதியோரிடம் கேட்டு எழுதினால், அப்பட்டியல் நாடக வரலாறாக மட்டும் அமையாது. ஒப்பந்தம் தொகையாக மட்டுமே எழுதிய மக்களின் பெயர்ப் பதிவேடாகவும் அமையும். அவ்வினாக்களுக்கு விடை கூறவல்ல முதியோர் இன்னும் சிலர் நம்மிடையே உளர். அவர்கள் உள்ளபோதே இப்பணி தொடங்கப்படல் வேண்டும்.