எடையும் இடையும்

பூவை முழத்தாலும் நீரின் ஆழத்தை ஆளுயரத்தாலும் அளந்த மனிதன், தன் உடலையே பிற பொருள்களுக்கு அளவுகோலாகக் கொண்டிருந்தான். அவ்வுடலையே அளந்து எண்களாக எழுதிவைக்கும் முறை பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேரூன்றியது. அதற்கு வித்திட்டவருள் முதன்மையானவர் மருத்துவர் அல்லர். பெல்சிய நாட்டு வானியலறிஞர் அடோல்ஃப் கெட்லே. வளர்ந்தோரின் எடை ஏறத்தாழ உயரத்தின் வர்க்கத்துக்கேற்ப அமைகிறது என்பதை 1835ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலில் அவர் காட்டினார். 'சராசரி மனிதன்' எத்தகையவன் என்பதே அவர் எழுப்பிய வினா. நோயுற்றவன் யார் என்பதன்று.

பின்னர் அமெரிக்க ஆயுள் காப்புறுதி நிறுவனங்கள் உயரத்துக்கேற்ற எடை அட்டவணைகளை வெளியிட்டன. 1972இல் ஆன்சல் கீஸ் என்னும் அறிஞர் ஐந்து நாட்டு ஆடவரின் அளவுகளை ஒப்பிட்டு, கெட்லேயின் கணக்குக்கு 'உடல் நிறைக் குறியெண்' என்று பெயர் சூட்டினார். கிலோகிராம் எடையை, மீட்டரில் கணித்த உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைக்கும் எண் அது. எளிமை கருதி உலகம் அதனை ஏற்றுக்கொண்டது. அவ்வாய்வில் பெண்கள் இடம்பெறவில்லை என்பதையும் இங்கே நினைவிற் கொள்ளல் தகும்.

ஆயின், கொழுப்பின் அளவைக்காட்டிலும் அது தங்கும் இடமே முக்கியமன்றோ? இவ்வினாவை 1947இலேயே எழுப்பியவர் பிரான்சின் மார்செய் நகர மருத்துவர் ழான் வாக். உடலின் மேற்பகுதியில் திரளும் கொழுப்பு, இடுப்புக்குக் கீழே திரள்வதினும் தீங்கானது என்றார் அவர். அக்கருத்து வலுப்பெற நெடுங்காலம் ஆயிற்று. சுவீடனின் கோத்தன்பர்க் நகரில் 1913ஆம் ஆண்டிற் பிறந்த 792 ஆடவரை அவர்தம் 54ஆம் வயதில் அளந்து, 13 ஆண்டுகள் தொடர்ந்து கண்காணித்தனர். இடைக்கும் இடுப்புக்கும் உள்ள விகிதம் மிகுந்தோரிடையே மாரடைப்பும் பக்கவாதமும் மிகுந்திருந்தன என்று 1984இல் அறிவித்தனர். தையற்காரரின் அளவுநாடா மருத்துவருக்கும் உரிய கருவியாயிற்று.

காரணம் யாது? குடலைச் சூழ்ந்த கொழுப்பிலிருந்து வெளிப்படும் கொழுப்பமிலங்கள் நேரே கல்லீரலை அடைகின்றன. கல்லீரல் அவற்றை டிரைகிளிசரைடாக மாற்றிக் குருதியில் விடுகிறது. அது பெருகப் பெருக, நல்ல கொலஸ்டிரால் குறைகிறது. தொந்தியைச் செல்வத்தின் அடையாளமாகப் போற்றிய நம் முன்னோர் இதனை அறிந்திலர்.

நம்மவர்க்கு இதில் தனிச்சிக்கல் ஒன்று உண்டு. 2004இல் இலண்டன் அறிஞர் ஜான் யட்கினும் பூனா நகர மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் அருகருகே நிற்கும் தங்கள் படத்தை 'லான்செட்' இதழில் வெளியிட்டனர். இருவர்க்கும் குறியெண் ஒன்றே: 22.3. உடற்கொழுப்போ ஆங்கிலேயருக்கு 9.1 விழுக்காடு, இந்தியருக்கு 21.2 விழுக்காடு! மெலிந்த கைகால்களுக்குள் கொழுப்பு மறைந்திருத்தலை இதனினும் தெளிவாக விளக்கல் அரிது. ஆசியர்க்குரிய எல்லைகளை ஆராய உலகச் சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 2002இல் சிங்கப்பூரிலேயே கூடியது. 2005இல் சிங்கப்பூர், 23, 27.5 ஆகிய எண்களை அபாய எல்லைகளாக ஏற்றது. தெற்காசியர்க்கு இடையளவின் எல்லை ஆடவர்க்கு 90 செண்டிமீட்டர், பெண்டிர்க்கு 80 செண்டிமீட்டர் என அதே ஆண்டில் அனைத்துலக நீரிழிவுச் சம்மேளனம் வகுத்தது.

முதியோரிடத்து எடைக்கருவி இருமுறை பிழைபடுகிறது. முதுமையில் தசை கரைந்து அவ்விடத்தே கொழுப்பு சேரலாம். எடையோ மாறாது நிற்கும். 'இருபதாண்டுகளாக என் எடை ஏறவில்லை' என்று பெருமிதங்கொள்ளும் பெரியவரின் வேட்டி முடிச்சு மட்டும் தளர்ந்துகொண்டே வரும். மறுபுறம், முதுகு கூனி உயரம் குறைகிறது. 60 கிலோகிராம் எடையுள்ளவர் 165 செண்டிமீட்டரிலிருந்து 160க்குக் குறுகினால், ஒரு கவளமும் மிகுதியாக உண்ணாமலே அவர் குறியெண் 22இலிருந்து 23.4க்கு உயர்ந்துவிடும். எனவே முதியோர்க்கு இடையளவே மேலான சான்று என்பது என் துணிபு. கடைசி விலாவெலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே, இயல்பாக மூச்சுவிட்ட நிலையில் அளத்தல் வேண்டும். வயிற்றை எக்கிக்கொண்டு அளப்பது தம்மைத்தாமே ஏய்ப்பதாகும்.

அளவுநாடாவுக்கும் எல்லை உண்டு. டிரைகிளிசரைடையும் நல்ல கொலஸ்டிராலையும் பற்றி அது குறிப்புணர்த்தும் அளவுக்கு, தீய கொலஸ்டிராலைப் பற்றி உணர்த்துவதில்லை. 1985இல் நோபல் பரிசு பெற்ற பிரவுன், கோல்ட்ஸ்டைன் ஆகிய இருவரும், தீய கொலஸ்டிராலைக் குருதியினின்று விலக்கும் ஏற்பிகள் பிறவியிலேயே குறைவுற்ற குடும்பங்களை ஆராய்ந்தனர். அத்தகையோர் கொடியிடையினராயினும் அவர்தம் குருதியில் கொலஸ்டிரால் மிகும். அதனைக் குருதிச் சோதனை ஒன்றே காட்டும்.